மதுரையிலிருந்து ஸ்பிதிக்கு: மலைப்பாதையில் முதன்முறையாக வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு

கப்பலூரிலிருந்து சமயநல்லூர் வழியாகத் திண்டுக்கல்லை நோக்கிப் போகும் நம் நான்குவழிச் சாலைதான் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் தொடங்கும் அந்தச் சாலை ஸ்ரீநகர் வரை போகிறது. அம்பாலா வரை அதிலேயே போய், அங்கிருந்து சண்டிகர் பக்கம் திரும்பிவிட்டால் இமாச்சல மலைகள் தொடங்கிவிடும். அந்த மலைகளுக்குப் பின்னால், மழை எட்டாத உயரத்தில் இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்கிற்குச் சொந்த வண்டியில் போக வேண்டும் என்ற ஆசை நம் ஊர் இளைஞர்கள் பலருக்கு இருக்கிறது. ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, “எந்த வண்டி எடுக்கலாம்ணே?” என்பதுதான். நான் பதிலுக்கு, “எத்தனை நாள் லீவு இருக்கு?” என்று கேட்பேன். பாதை தெரியாத மலையில் புதியவர்களுக்கு நேர்கிற ஆபத்துகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வருகிறவை. ஆகவே இந்தக் கட்டுரை நாட்களின் கணக்கிலிருந்து தொடங்குகிறது.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு விடுமுறை என்றால் மே மாதம். ஸ்பிதியையும் மணாலியையும் இணைக்கிற குன்சும் கணவாய் சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் விழுந்த பனியை வெட்டி அகற்றி அதைத் திறப்பதற்குள் பெரும்பாலும் மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். மே முதல் வாரத்தில் கிளம்பிப் போனால் ஸ்பிதியின் தலைமை ஊரான காஜா வரை போய், போன வழியே திரும்ப வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வேறு சிக்கல் உண்டு. ஸ்பிதியில் மழை குறைவுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குக் கடக்க வேண்டிய குலு, கின்னௌர் மாவட்டங்களில் பருவமழை கொட்டும், மலை சரியும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்றில் வந்த வெள்ளம் மணாலிச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது.

எனவே ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை என இரண்டு காலங்களே மிஞ்சுகின்றன. புதியவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பனி உருகி வரும் ஓடைகளில் அப்போது நீர் குறைந்திருக்கும், வானமும் தெளிந்திருக்கும். பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஏறக்குறைய அப்போதுதான் வரும் என்பதால், வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் எளிது. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எத்தனை நாட்கள்

மதுரையிலிருந்து டெல்லி 2,600 கிலோமீட்டருக்கு மேல். சாலை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினாலும், இரவில் ஓட்டாமல் சண்டிகர் போய்ச் சேர ஐந்து நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரவும் ஐந்து நாட்கள். நடுவில் மலைக்குள் பத்து நாட்கள். இவற்றோடு எந்தத் திட்டமும் இல்லாத மூன்று நாட்களைச் சேர்க்க வேண்டும். மண் சரிந்து சாலை அடைபட்டால், ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஒரு உதிரிப்பாகம் கீழேயிருந்து வர வேண்டியிருந்தால் அந்த மூன்று நாட்கள்தான் கைகொடுக்கும். ஆக மொத்தம் 23 நாட்கள். அவ்வளவு விடுப்பு கிடைக்காதவர்கள் ரயிலில் டெல்லி போய், அங்கிருந்து சண்டிகர் சேர்ந்து வண்டியை வாடகைக்கு எடுத்தால் ஐந்து நாட்கள் வரை மிச்சமாகும். அப்படி எடுக்கும்போது, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள முறையான வாடகை வண்டியாகப் பார்த்து எடுங்கள். ஆனால் மலைக்குள் இருக்கும் பத்து நாட்களைக் குறைத்து விடுப்புக்குள் அடக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏன் என்பதைப் பார்ப்போம்.

எந்தப் பக்கமாக ஏறுவது

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். அதாவது, நம் பக்கத்து மலைகளில் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும், 3,000 மீட்டருக்கு மேல் நம் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரியாது. 4,500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. திடகாத்திரமானவரா, உடற்பயிற்சி செய்கிறவரா என்பதெல்லாம் அங்கே பெரிய வித்தியாசத்தைத் தருவதில்லை. எவ்வளவு மெதுவாக ஏறினோம் என்பதுதான் முக்கியம்.

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படுகிற விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டாவது இரவும் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும், தூங்குவதற்குக் கீழே வந்துவிடலாம்.

இந்த விதியை வைத்துப் பார்த்தால், மணாலி வழியாக ஏறுவது ஏன் தவறு என்பது விளங்கும். மணாலி சுமார் 2,050 மீட்டர். அங்கே காலையில் கிளம்பி மாலையில் சந்திரதால் ஏரிக் கூடாரத்தில் படுத்தால், ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். பலர் அப்படிப் போய் நள்ளிரவில் தலைவலியோடும் வாந்தியோடும் இறங்குகிறார்கள்.

ஆகவே கின்னௌர் பக்கமாக ஏறி, மணாலி பக்கமாக இறங்குங்கள். முதல் இரவு நார்க்கண்டா, சுமார் 2,700 மீட்டர். அடுத்த இரண்டு இரவுகள் கல்பா, சுமார் 2,960. அங்கிருந்து கிளம்பி, 3,660 மீட்டரில் இருக்கும் நாக்கோவில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு, 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கு இறங்கிப் படுங்கள். தாபோவில் இருக்கும் பௌத்த மடாலயம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது, நம் தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. அதன் மண் சுவர்களுக்குள் இருக்கும் ஓவியங்களைப் பார்க்க அரை நாள் ஒதுக்கினால், உடம்புக்கும் அது ஓய்வாக அமையும். பிறகு காஜாவில் மூன்று இரவுகள். பகலில் கிப்பர், லாங்சா, கோமிக் போன்ற 4,000 மீட்டரைத் தாண்டிய சிற்றூர்களுக்குப் போய்விட்டு, இரவில் காஜாவுக்கே திரும்பிவிட வேண்டும். அதன்பின் ஓர் இரவு லோசர், சுமார் 4,080 மீட்டர். மறுநாள் குன்சும் தாண்டி மணாலிக்கு இறக்கம். லோசரில் தங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஓடைகளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவை இருக்கும்போது மேலும் ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். காஜாவில் மருத்துவமனை இருக்கிறது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவக்கூடும் என்றாலும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது. மதுரையிலேயே மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் அவரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம். மேலே இருக்கும் நாட்களில் மது கூடாது.

வண்டியும் பட்டறையும்

சாலை காய்ந்திருக்கும் நாட்களில், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 200 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சாதாரண வண்டியும் ஸ்பிதியைச் சுற்றி வந்துவிடும். ஆனாலும் முதன்முறை போகிறவர்கள் நான்கு சக்கரங்களும் இழுக்கும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியர் உள்ள வண்டியில் போவது நல்லது. ஜிம்னி, கூர்க்கா ஆகியவற்றிலும், தாரின் நான்கு சக்கர இழுவை வகையிலும் அது உண்டு. அதைவிட முக்கியம், இரண்டு வண்டிகளாகப் போவது. ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். என் முதல் பயணத்துக்கு முன் எங்கள் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, வெறும் தண்ணியா இருக்கு? இதோட குளிருக்குப் போனா இன்ஜின் பிளந்துரும்ணே” என்றார். மதுரை வெயிலில் கூலண்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டிப் பழகியிருந்தேன். உறையும் தண்ணீர் விரிவடைந்து இன்ஜின் பிளாக்கில் விரிசல் விடும். கூலண்டும் சுத்திகரித்த நீரும் சரிபாதியாகக் கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கு மேலும் உறையாமல் தாங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். 4,300 மீட்டரில் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததற்குக் காரணம் இதுதான். மூடி இறுக்கமாக அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் ஏற்றத்தில் இன்ஜின் கொதிக்காமல் இருக்கும்.

பேட்டரியைச் சோதித்து, மூன்று வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் சோர்ந்துபோன பேட்டரி, அந்த ஊர்க் குளிரில் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்காது. பிரேக் பேடு, பிரேக் ஆயில், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், எல்லா பெல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி மற்ற நான்கு டயர்களின் அளவிலேயே இருக்க வேண்டும். பட்டறையிலேயே உங்கள் கையால் ஒருமுறை ஜாக்கி வைத்து டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வீல் நட்டுகளை மிஷினில் முடுக்கியிருந்தால் கை ஸ்பானருக்கு அசையாது. அதை மலையில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

டயர்க் காற்றைப் பற்றி ஒரு செய்தி. சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் குறைவதால், கீழே 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர் 4,500 மீட்டர் உயரத்தில் அதே வெப்பநிலையில் ஏறக்குறைய 38 காட்டும். குளிர் அதைக் கொஞ்சம் குறைக்கும். எனவே தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளந்து, கல்லும் சரளையுமான பாதைக்கு 25, 26க்கு இறக்கிக்கொள்ளுங்கள். தார்ச்சாலை வந்ததும் மறுபடி ஏற்றிவிடுங்கள். இதற்குச் சிறிய கம்ப்ரஸரும் அளவுமானியும் கட்டாயம் வேண்டும்.

நம் ஊரிலேயே பழகுதல்

மலை ஓட்டத்தின் அடிப்படையை இங்கேயே கற்றுக்கொள்ளலாம். போடிமெட்டு, சிறுமலை, மேகமலை ஆகிய மூன்றிலும் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று நம் லாரி ஓட்டுநர்கள் சொல்வதை அங்கே பழகுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேடு சூடேறிக் கருகல் வாடை வரும். அதன்பின் மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பதையும், பள்ளத்தை ஒட்டி நீண்ட தூரம் பின்னோக்கி எடுப்பதையும் இங்கேயே பழகிக்கொள்ள வேண்டும். சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில் கொலுக்குமலைக்கு ஒருமுறை போய், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையையும் காலையும் கவனியுங்கள். எந்தக் கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றுகிறார், எந்தக் கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விடுகிறார் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதுபோல வேறெங்கும் கற்றதில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை இறக்குவது குற்றம்; மேகமலை இப்போது புலிகள் காப்பகத்தின் பகுதி.

சிக்கிய வண்டியை மீட்கப் பழகுவதற்குக் கரிசல் காடு போதும். கள்ளிக்குடிப் பக்கம் நண்பரின் புஞ்சையில், மழை பெய்த மறுநாள், வேண்டுமென்றே வண்டியை இறக்கினோம். பத்தடி போவதற்குள் டயரின் பள்ளங்களை எல்லாம் மண் அடைத்து, டயர் தோசைக் கல்போல வழுவழுவென்று ஆகிவிட்டது. முடுக்க முடுக்க அச்சு வரை இறங்கியது. நாங்கள் கற்ற வரிசை இது: முதலில் முடுக்குவதை நிறுத்த வேண்டும். பிறகு மண்வெட்டியால் டயருக்கு முன்னும் அடிப்பாகத்திலும் மண்ணை எடுக்க வேண்டும். காற்றைக் குறைக்க வேண்டும். டயருக்கு அடியில் பலகை கொடுத்து, லோ கியரில் மெல்ல எடுக்க வேண்டும். இதற்கும் வரவில்லை என்றால்தான் கயிறு. கயிற்றைச் சேஸியில் பொருத்தியுள்ள கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். பம்பரிலோ அச்சிலோ கட்டினால் பிய்ந்து வரும் இரும்பு ஆளைக் கொன்றுவிடும். இழுக்கும்போது ஒருவரும் கயிற்றுக்கு அருகில் நிற்கக் கூடாது. கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும்.

ஓடைகளைக் கடத்தல்

பயணத்தின் கடினமான பகுதி கடைசியில் வருகிறது. குன்சும் கணவாயை இறங்கினால் பாத்தல். அங்கிருந்து கிராம்ஃபூ வரை சுமார் 50 கிலோமீட்டர். சந்திரா ஆற்றை ஒட்டி உருளைக் கற்கள் மேல் போகும் அந்தப் பாதையைக் கடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். மேலே உள்ள பனிப்பாறைகளிலிருந்து உருகி வரும் ஓடைகள் பல இடங்களில் பாதையைக் குறுக்கே வெட்டிப் பாய்கின்றன. சாலைப் பணி நடந்து வருவதால் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் ஓடையின் இயல்பு மாறாது. இரவில் உருகுவது குறைவதால் விடியற்காலையில் நீர் மெலிந்திருக்கும். வெயில் ஏறிய பின், நண்பகலிலிருந்து பெருகத் தொடங்கி மாலையில் உச்சத்துக்குப் போகும். காலை எட்டு மணிக்குக் கணுக்கால் நனையக் கடந்த அதே ஓடை, பிற்பகல் மூன்று மணிக்குத் தொடையளவு உயர்ந்து, அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசையோடு போவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

லோசரில் தங்கச் சொன்னது இதற்காகத்தான். அங்கே காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் கணவாய். அங்கே குன்சும் மாதா கோயிலை ஓட்டுநர்கள் வண்டியோடு வலம் வருவார்கள். புது வண்டி எடுத்ததும் பாண்டி கோயிலுக்கு ஓட்டிப் போகும் நமக்கு அந்த வழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மணிக்குள் பாத்தல் தாபாவில் ரொட்டி. பதினோரு மணிக்குள் பெரிய ஓடைகள் எல்லாம் பின்னால் போய்விடும். காஜாவிலிருந்து நேரே கிளம்புகிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை.

ஓடை வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். உள்ளூர் வண்டி ஏதாவது வந்தால் அது எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் இடுப்பு பெல்ட்டைப் போட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். மனிதர் நிற்க முடியாத வேகத்தில் வண்டியை இறக்கக் கூடாது. சக்கரத்தின் நடுவரை நீர் இருந்தால் புதியவர்கள் கடக்க வேண்டாம். காத்திருங்கள், அல்லது திரும்பிப் போய்த் தங்கி மறுநாள் காலையில் வாருங்கள். அந்த மூன்று உபரி நாட்களில் ஒன்று இதற்குத்தான்.

கடக்கும்போது நான்கு சக்கர இழுவையில், லோவில், முதல் கியர். நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலான ஒரே வேகம். நடுவில் கியர் மாற்றவோ கிளட்சை மிதிக்கவோ கூடாது. கண் எதிர்க்கரையில் ஏறும் இடத்தின் மேல் இருக்க வேண்டும்; ஓடும் நீரைப் பார்த்தால் கை அந்தப் பக்கமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடும். நடுவில் இன்ஜின் அணைந்துபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியாக நீர் உள்ளே போயிருந்தால், அமுக்க முடியாத அந்த நீரில் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிற்றைப் போட்டு இழுப்பதுதான் வழி. வழக்கமான காப்பீட்டில் இந்தச் சேதம் அடங்காது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும். கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை உலர்த்துங்கள்.

கைவசம் இருக்க வேண்டியவை

ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் தாள் நகல்களையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் போனை அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். ஸ்பிதிக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலிக்கு வந்தால் ரோதாங் கணவாய்க்கான சீட்டும் வேண்டாம்.

ரெக்காங் பியோ பக்கத்தில் டேங்கை நிரப்பினால் அடுத்த பங்க் காஜாவில்தான். அங்கே மறுபடி நிரப்பினால் மணாலி வரை வரும். லோ கியரில் மைலேஜ் பாதியாகக் குறையும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று நான்கு லிட்டர் குடிநீர், ஃபிளாஸ்கில் சுக்குக் காபி, அரிசி, சிறிய குக்கர், இரண்டு நாள் தாங்கும் புளியோதரை ஆகியவை போதும். பாதை அடைபட்டு வண்டிக்குள்ளேயே ஓர் இரவு கழிக்க நேரலாம் என்பதால், ஆளுக்கொரு கனமான கம்பளியைப் பின்சீட்டிலேயே கைக்கெட்டும்படி வையுங்கள்.

மணாலிக்கு இறங்கியதும் அன்றே ஊருக்குத் திரும்பும் எண்ணத்தில் ஓட்டத் தொடங்காதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஸ்பிதியின் மண் கைநிறையக் கொட்டும். வீல் நட்டுகள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், பிரேக் பேடு, டயரின் உட்பக்கச் சுவரில் உள்ள வெட்டுகள் ஆகியவற்றை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு, காற்றைத் தார்ச்சாலை அளவுக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு முழு இரவு தூங்கி எழுந்து கிளம்புங்கள். மலைக்கென்று ஒதுக்கிய பத்து நாட்களில் கடைசி நாள் இதற்கு உரியது.